பறித்துச் சாப்பிட வாங்க: கிராஞ்சிப் பக்கம் மல்பெரித் தோட்டம் போட நினைப்பவர்களுக்கு

மலேசியாவின் கேமரன் மலையில் ஸ்ட்ராபெரி பறித்துவிட்டு வரும் குடும்பங்களில், துவாஸ் சோதனைச் சாவடி வரிசையில் கார் நிற்கும்போதே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இதையே நாம சிங்கப்பூர்ல போட்டா என்ன?" கேள்வியில் தப்பில்லை. பழம்தான் தப்பு.

ஸ்ட்ராபெரி ஒழுங்காகப் பூக்கக் குளிர்ந்த இரவு வேண்டும். கேமரன் மலைத் தோட்டங்கள் 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கின்றன. நமக்கோ விடிகாலையிலும் 24, 25 டிகிரி. அதனால்தான் இங்கே ஸ்ட்ராபெரி விளைவிப்பவர்கள் குளிரூட்டிய அறைக்குள், விளக்கு வெளிச்சத்தில் விளைவிக்கிறார்கள். பழம் நன்றாகவே வருகிறது. ஆனால் அந்த மின்கட்டணத்தைக் கட்டிக்கொண்டு, சேற்றுக் காலோடு வரும் பிள்ளைகளை உள்ளே விட முடியாது. புளூபெரி 4.5 முதல் 5.5 வரை பிஎச் உள்ள அமில மண்ணைக் கேட்கும். பெரும்பாலான வகைகளுக்குக் குளிர்காலமும் வேண்டும். இரண்டையும் மறந்துவிடுங்கள்.

நம் வெயிலையும் மழையையும் தாங்கி, திறந்தவெளியில், நட்ட ஓராண்டுக்குள் பழம் தரும் பெரி என்றால் மல்பெரிதான். ஊரில் பட்டுப்பூச்சிக்கு வளர்க்கிறார்களே, அதே முசுக்கொட்டைக் குடும்பம். இந்தக் கட்டுரை முழுக்க அதைச் சுற்றித்தான். துணைக்கு ஒரு வரிசை பார்பேடோஸ் செர்ரி, நிழல் விழும் ஓரத்தில் நாலைந்து மிராக்கிள் பெரி வைக்கலாம். மிராக்கிள் பெரியைச் சப்பிவிட்டு எலுமிச்சையைக் கடித்தால் இனிக்கும். வருகிறவர்கள் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்புவது அதைத்தான். களாக்காய் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதன் முள் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. பிரேசில் பழமரமான ஜபோட்டிகாபா வேண்டாம். விதையிலிருந்து வந்த கன்று காய்க்கும்போது, உங்கள் வாடிக்கையாளரின் பிள்ளை வளர்ந்து தேசிய சேவைக்குப் போயிருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் நீங்கள் விற்கப்போவது பழமல்ல, சனிக்கிழமைக் காலை. பழத்தை மட்டும் விற்பதென்றால் பேரங்காடிக்கு வரும் இறக்குமதிப் பெட்டியோடு விலையில் மோத வேண்டும், அதில் தோற்பீர்கள். அதனால் கன்று வாங்குவதை ஆகக் கடைசிக்குத் தள்ளுங்கள். எந்தச் சனிக்கிழமை எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் எல்லாமே.

நிலம்

சிங்கப்பூரில் நாட்டுப்புறம் என்று சொல்ல மிஞ்சியிருப்பது கிராஞ்சி, லிம் சூ காங், சுங்கை தெங்கா பக்கம்தான். நாட்டின் மொத்த நிலத்தில் வேளாண்மைக்கு இருப்பது ஒரு விழுக்காட்டை ஒட்டியே. உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது. ஆகவே பண்ணை நிலம் ஏலத்துக்கு வரும்போது, கீரையும் மீனும் முட்டையும் நிறைய விளைவித்துக் காட்டுபவர்கள் பக்கம்தான் தராசு சாயும். "குடும்பங்கள் வந்து மல்பெரி பறிப்பார்கள்" என்ற திட்டத்தோடு 20 ஆண்டுக் குத்தகை நிலத்துக்குப் போட்டியிடுவது வீண்வேலை என்பது என் கருத்து. பணம் இருந்தாலும் சரி.

புதிதாகத் தொடங்குபவருக்கு நடைமுறையில் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ஏற்கெனவே உரிமம் வைத்து நடத்தும் பண்ணைக்குள் ஒரு துண்டு. அங்கே வேலி, தண்ணீர், கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம் எல்லாம் இருக்கும். பண்ணைக்காரருக்கு வார இறுதியில் ஆள் வரத்து கிடைக்கும், உங்களுக்கு நிலம் கிடைக்கும். இரண்டாவது, சிங்கப்பூர் நில ஆணையம் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடும் அரசு இடங்கள், பழைய பள்ளி வளாகங்கள் போன்றவை. குவீன்ஸ்டவுனில் ஜாலான் பெஞ்சாராவிலும் ஹெண்டர்சனில் பழைய உயர்நிலைப் பள்ளி வளாகத்திலும் நகர்ப்புறத் தோட்டங்கள் இந்தப் பாணியில் வந்தவைதான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடி கார் நிறுத்துமிடக் கூரைகளையும் 2020 முதல் ஏலத்தில் விட்டார்கள். ஆனால் மொட்டை மாடிச் சூட்டில், காற்றில், பொதுமக்களை அழைத்து வைத்துப் பழம் பறிக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பண்ணைக்காரரோடு பேசப் போகும்போது முதல் கேள்வி வாடகை அல்ல. "அங்கிள், உங்க குத்தகை எப்ப முடியுது?" என்பதுதான். 2014இல் லிம் சூ காங்கில் 62 பண்ணைகளுக்கு ஒரே அறிவிப்பில் குத்தகை நீட்டிப்பு இல்லை என்று தெரிந்தது. ராணுவப் பயிற்சிக்கு நிலம் தேவைப்பட்டது. காலக்கெடு பிறகு தள்ளிப்போனாலும், பல ஆண்டு மரங்களை வேரோடு கிளப்பிக் கொண்டுபோவது எளிதல்ல. குத்தகையில் மூன்று ஆண்டுக்குக் குறைவாக மிச்சமிருந்தால் தரையில் நடாதீர்கள். 50 லிட்டர் தொட்டியிலோ நாற்றுப் பையிலோ மல்பெரி நன்றாகவே காய்க்கும், லாரியில் ஏற்றவும் முடியும்.

இரண்டாவது கேள்வி, உங்களுக்கு உள்வாடகைக்கு விட அவருக்கு அனுமதி உண்டா என்பது. வாய்ப்பேச்சு போதாது. நிலத்தின் சொந்தக்காரரான அரசு அமைப்பு எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். பல நேரங்களில் வாடகைக்காரராக இல்லாமல், வருமானத்தில் பங்கு வாங்கிக்கொண்டு பண்ணையின் ஓர் அங்கமாக நடத்துவதுதான் சுலபமாக முடிகிறது.

அவ்வளவு தூரம் இறங்கும் முன் கை பழக வேண்டுமா? தேசியப் பூங்காக் கழகத்தின் வாடகைத் தோட்டப் பாத்திகள் இருக்கின்றன. சுமார் இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர், ஆண்டுக்கு வரி நீங்கலாக 57 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), குலுக்கலில் கிடைக்கும். இல்லாவிட்டால் உங்கள் பேட்டையிலேயே சமூகத் தோட்டம் இருக்கும். 2005இல் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து எங்கு பார்த்தாலும் வந்துவிட்டது. அங்கே ஒரே ஒரு மல்பெரியை வளர்த்து, வெட்டி, காய்க்கவைத்துப் பாருங்கள். கீழே சொல்லும் கவாத்து (கிளை வெட்டும்) விஷயம் கைக்கு வராமல் நிலத்தில் இறங்க வேண்டாம்.

காகித வேலை

சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. விற்பனைக்குக் காய்கனி விளைவிக்க சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் வேண்டும். பண்ணைக்காரரின் உரிமத்துக்குள் நீங்கள் அடங்குவீர்களா என்று அவர்களிடமே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். 2025 ஜனவரியில் நிறைவேறிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2028க்குள் கட்டம் கட்டமாக நடப்புக்கு வருகிறது. ஆகவே நண்பர் சொன்ன பழைய நடைமுறையை நம்பிக் காசைப் போடாதீர்கள். தனிநபர் வணிகமாக ஏக்ராவில் (நிறுவனங்களைப் பதியும் அரசு ஆணையம்) பதிய, பெயருக்கு 15 வெள்ளியும் ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளியும். ஆனால் பிள்ளைகள் ஓடியாடும் இடம் என்பதால் நான் தனியார் நிறுவனமாகவே பதியச் சொல்வேன். ஏதாவது நடந்தால் உங்கள் வீடு வரைக்கும் வராது. பொதுப் பொறுப்புக் காப்புறுதி இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடக்கூடாது.

கூடாரம், காப்பிக் கடை, ஜாம் காய்ச்சும் அடுப்பு என்று எதைச் சேர்த்தாலும் தனித்தனி அனுமதி. கட்டிவிட்டுக் கேட்பது இந்த ஊரில் நடக்காது. வெளிநாட்டிலிருந்து கன்று வரவழைப்பதானால் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவை. ஊருக்குப் போய்வரும்போது பெட்டிக்குள் நாலு குச்சியைச் சுருட்டிக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். நல்ல கறுப்பு மல்பெரி இங்குள்ள நாற்றுப் பண்ணைகளிலேயே கிடைக்கிறது, ஒன்று வாங்கினால் நூறு ஆக்கலாம்.

எத்தனை செடி?

இப்போது அந்தப் பின்னோக்கிய கணக்கு. ஒரு சனிக்கிழமை 20 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குடும்பமும் கால் கிலோப் பெட்டியை நிரப்பும், அதே அளவை வாயில் போட்டுக்கொள்ளும். வாயில் போடுவதைத் தடுக்கக்கூடாது, அதற்குத்தான் வருகிறார்கள். ஆக ஒரு காலைக்கு 10 கிலோ. இளஞ்செடி ஒன்று ஒரு சுற்றுக்கு அரைக் கிலோ தரும் என்று அடக்கமாக வைத்துக்கொண்டால் அன்றைக்கு 20 செடிகள் காய்த்திருக்க வேண்டும். அந்த 20 செடியும் ஒரு பாத்தி. கிளையை வெட்டியபின் பழுக்க எட்டு வாரம் வரை ஆகும், ஆகவே வாரா வாரம் ஒரு பாத்தி பழுக்க வேண்டுமானால் எட்டுப் பாத்திகள். மொத்தம் 160 செடிகள்.

செடிக்குச் செடி 2 மீட்டர், வரிசைக்கு வரிசை 3 மீட்டர். வரிசை இடைவெளியைக் குறைக்காதீர்கள். தள்ளுவண்டியோடு ஓர் அம்மா வருவார், எதிரே சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி வருவார், இரண்டும் ஒதுங்கிப் போக வேண்டும். செடிக்கு 6 சதுர மீட்டர் என்றால் 960 சதுர மீட்டர், கிட்டத்தட்ட கால் ஏக்கர். இதுதான் நீங்கள் பண்ணைக்காரரிடம் கேட்க வேண்டிய அளவு. ஒரு ஏக்கர் கொடுக்கிறேன் என்றாலும் வாங்காதீர்கள், முதல் இரண்டு ஆண்டுக்குக் கால் ஏக்கரே ஆளைத் தின்றுவிடும்.

நடவு

கிராஞ்சிப் பக்க மண் பெரும்பாலும் களி. மழை பெய்தால் பசை, வெயிலில் ஓடு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில் குழி வெட்டி நட்டால், அந்தக் குழி கிணறாகிவிடும். வேர் அழுகும். குழிக்குப் பதில் மேடு போடுங்கள். முழங்கால் உயரத்துக்கு நீளமான வரப்பு, அகலம் ஒரு மீட்டர். களிமண்ணோடு மட்கிய உரமும் மரத்தூளும் கலந்து கொட்டி, மேலே காய்ந்த இலைதழை மூடாக்கு. வரப்புகள் சரிவின் போக்கிலேயே ஓடட்டும், தண்ணீர் வழிந்து வாய்க்காலுக்குப் போய்விடும்.

கன்றை நீங்களே தயார் செய்யலாம். பென்சில் தடிமனுள்ள முற்றிய குச்சி, ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. இலைகளைக் கிள்ளிவிட்டு, அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி செருகி நிழலில் வையுங்கள். சில நாளில் மொட்டு வெடித்து இலை வரும். உடனே வேர் பிடித்துவிட்டது என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். குச்சியில் சேமித்த சத்தில்தான் அந்த முதல் இலை வருகிறது. இரண்டு மாதம் போகட்டும், பையின் அடியில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்த பிறகு நடலாம்.

தண்ணீருக்குச் சொட்டுநீர்க் குழாய் போதும். பிப்ரவரி, மார்ச்சில் வரும் வறண்ட வாரங்களில் செடிக்கு ஐந்து லிட்டர் என்று கொடுத்தால் 160 செடிக்கு நாளுக்கு 800 லிட்டர். கன மீட்டர் 3.24 வெள்ளிக் கணக்கில் வரி சேர்த்தாலும் மூன்று வெள்ளிக்குள் முடிந்துவிடும். இந்தத் தோட்டத்தில் மலிவான சரக்கு தண்ணீர்தான்.

கவாத்து

மொத்தத் தொழிலும் இங்கேதான் இருக்கிறது. குளிர் நாடுகளில் மல்பெரி குளிர்காலத்தில் இலை உதிர்த்து, வசந்தத்தில் துளிர்க்கும்போது பூவும் சேர்ந்தே வரும். நமக்குக் குளிர்காலம் கிடையாது. சும்மா விட்டால் மரம் கூரைக்கு மேலே போகும், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய்க்கும், எல்லாவற்றையும் குயிலும் மைனாவும் சாப்பிடும். ஆகவே குளிர்காலத்தை நாம்தான் கத்தரிக்கோலால் உண்டாக்க வேண்டும்.

ஒரு கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை காய்த்து முடித்த கிளை, உங்கள் நெஞ்சு உயரத்துக்கு மேலே போயிருக்கும். நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கை, வெளிப்புறம் பார்த்த ஒரு மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். பிறகு மிச்சக் கிளையில் இருக்கும் இலைகளை ஒன்றுவிடாமல் உருவுங்கள். கிளையின் நுனியிலிருந்து அடியை நோக்கி உருவினால் மொட்டும் சேர்ந்து பிய்ந்துவிடும். அடியிலிருந்து நுனிக்கு, ஒவ்வொரு காம்பையும் மேல்பக்கமாகத் தள்ளி ஒடிக்க வேண்டும். ஒடித்த இடத்தில் பால் கசியும், கை பிசுபிசுக்கும். முடித்தபின் செடியைப் பார்த்தால் செத்ததுபோல் வெறும் குச்சியாக நிற்கும். பக்கத்துப் பண்ணை ஆன்ட்டி வந்து "ஐயோ, ஏன் இப்படி மொட்டையடிச்சீங்க?" என்று கேட்பார். பதறாதீர்கள். ஓரிரு வாரத்தில் ஒவ்வொரு காம்பு வடுவிலிருந்தும் துளிர் வெடிக்கும், துளிரோடு பச்சைப் புழுபோலக் குட்டிக் குட்டிப் பூங்கொத்து தொங்கும். அதுதான் உங்கள் பழம்.

வெட்டியதிலிருந்து கறுத்த பழம் வரை ஏறத்தாழ 6 முதல் 8 வாரம். வகையையும் வெயிலையும் பொறுத்து முன்னே பின்னே ஆகும். உங்கள் பாத்திக்கு எத்தனை வாரம் என்பதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள், அந்த எண்தான் உங்கள் முதலீடு. அதைவைத்து நாட்காட்டியை எதிர்ப்பக்கமாகப் படிக்கலாம். ஜூன் பள்ளி விடுமுறை நான்கு வாரம், மே கடைசியில் தொடங்கும். அதற்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் முதல் பாத்தியை வெட்ட வேண்டும், அப்புறம் வாரத்துக்கு ஒரு பாத்தி. செப்டம்பர் ஒருவார விடுமுறைக்கு ஜூலைக் கடைசி. நவம்பர் பின்பாதியில் தொடங்கும் நீண்ட விடுமுறைக்கு, செப்டம்பர் கடைசியிலிருந்து. ஆனால் டிசம்பரை நம்பி நான் பெரிய ஏற்பாடு செய்யமாட்டேன். வடகிழக்குப் பருவமழையில் பழம் தண்ணீர் குடித்துச் சப்பென்று போகும், பூசணம் பிடிக்கும். டிசம்பர், ஜனவரியில் பாதிப் பாத்திகளை ஓய்வில் விட்டு எரு போடுங்கள்.

உருவிய இலையை எறியாதீர்கள். பட்டுப்புழு வளர்க்கும் பிள்ளைகள் இங்கேயும் இருக்கிறார்கள், அவர்களின் பெற்றோர் ஒரு கட்டு இலைக்கு அலைவார்கள். வெட்டிய குச்சியில் நல்லதைக் கன்றாக்குங்கள், மிச்சத்தைத் துண்டுபோட்டு மூடாக்காக்குங்கள். திறந்தவெளியில் கொளுத்துவது இங்கே குற்றம்.

பங்குக்கு வருபவர்கள்

குயில், மைனா, கொண்டைக்குருவி, அணில், இரவில் பழந்தின்னி வௌவால், காட்டோரமாக இருந்தால் குரங்கும். எல்லாவற்றுக்கும் பங்கு போய்விடும் என்பதை ஏற்றுக்கொண்டே கணக்குப் போடுங்கள். காட்டுயிர்களை அனுமதியில்லாமல் பிடிப்பதும் கொல்வதும், ஏன், தீனி போடுவதும்கூடக் காட்டுயிர்ச் சட்டப்படி குற்றம். பொறி வைக்கலாமா என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வலைதான் வழி, அதுவும் அந்த வாரம் பழுக்கும் பாத்திக்கு மட்டும். பெரிய கண்ணுள்ள மீன்வலை வேண்டாம். பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும், பிள்ளைகள் பார்த்து அழுவார்கள். விரல் நுழையாத அளவு சின்னக் கண்ணுள்ள வெள்ளை வலையைக் குழாய் வளைவின் மேல் இறுக்கமாகப் போட்டு, ஓரத்தை மண்ணில் புதைத்துவிடுங்கள். சனிக்கிழமை விடிந்ததும் சுருட்டி எடுத்துவிட்டால் பறிக்க வரும் கைகளுக்கு இடைஞ்சல் இல்லை.

பறவையைவிட எனக்குக் கவலை முசுறு எறும்பு. இலைகளைச் சேர்த்துத் தைத்து உள்ளங்கை அளவில் கூடு கட்டியிருக்கும், பழத்தைப் பிடிக்க நீளும் சின்னக் கை நேராக அதில்தான் போய் முட்டும். வெள்ளிக்கிழமை மாலை ஒவ்வொரு செடியாகச் சுற்றிப் பார்த்துக் கூட்டைக் கிளையோடு வெட்டி அகற்றுங்கள். எறும்பு அதிகமென்றால் பெரும்பாலும் மாவுப்பூச்சியும் இருக்கும், அதன் இனிப்புக் கசிவுக்காக எறும்பு காவல் நிற்கும். நுனி இலை சுருண்டு, வெள்ளை மாவு அப்பியிருந்தால் அந்த நுனியைக் கிள்ளிப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். மருந்தடிப்பதற்குச் சான்றிதழ் பெற்றவர் வேண்டும், அடித்தபின் காத்திருக்க வேண்டிய நாள் கணக்கும் உண்டு. செடியிலிருந்து நேராக வாய்க்குப் போகும் பழத்தில் மருந்தே அடிக்காமலிருப்பதுதான் என் விருப்பம். கவாத்து அடிக்கடி நடப்பதால் பூச்சியும் இலையோடு போய்விடுகிறது, பாதித் தொல்லை அதிலேயே தீரும்.

கொசுவை மறந்தால் தோட்டத்தையே மூட வேண்டிவரும். தொட்டியின் அடித்தட்டு, கவிழ்க்காத வாளி, மடிந்து கிடக்கும் தார்ப்பாய், கெட்டியாகிக் குழி விழுந்த தொட்டி மண் என்று டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட ஒரு கரண்டித் தண்ணீர் போதும். தேசியச் சுற்றுப்புற அமைப்பின் அதிகாரிகள் சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். அடித்தட்டே வேண்டாம், வாளி எல்லாம் கவிழ்ந்தே இருக்கட்டும்.

ஆள்

160 செடியை ஒருவர் வாரத்தில் மூன்று நாள் பார்த்தால் சமாளிக்கலாம், சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று பேர் வேண்டும். இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு சபலம் வரும். தேக்காவில் (லிட்டில் இந்தியா) ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரத் தம்பி யாரையாவது பார்ப்போம். பட்டுக்கோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, மண்வெட்டி பிடித்த கை. "அண்ணே, சும்மாதானே ரூம்ல படுத்திருக்கேன், வந்து கவாத்துப் பண்ணித் தர்றேன்" என்பான். மனசு கேட்கும், ஆனால் செய்யாதீர்கள். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் தன் முதலாளிக்கு மட்டுமே வேலை செய்யலாம். பிடிபட்டால் உங்களுக்கு அபராதத்தோடு போகலாம், அந்தத் தம்பிக்கு வேலையும் போய், ஊரில் வாங்கிவந்த கடனும் தலையில் நிற்கும். சம்பளம் இல்லை, சாப்பாடு மட்டும் என்றாலும் மனிதவள அமைச்சிடம் கேட்காமல் கையை வைக்கச் சொல்லாதீர்கள். அவனிடம் எப்படி வெட்டுவது என்று வாயால் கேட்டுக்கொள்ளலாம், அந்த அறிவு இங்கே புத்தகத்தில் கிடைக்காது.

சனிக்கிழமைக்கு ஓய்வுபெற்ற சித்தப்பாக்களும் அத்தைகளும் நல்ல ஆட்கள். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களும் பகுதிநேர வேலைக்கு வருவார்கள், மாண்டரினும் மலாயும் பேசும் ஒருவராவது இருக்கட்டும். உங்கள் வாடிக்கையாளர் தமிழர்கள் மட்டுமல்ல.

திறக்கும் நாள்

முன்பதிவு இல்லாமல் திறக்காதீர்கள். எட்டரைக்கு ஒரு குழு, பத்துக்கு ஒரு குழு. பதினொன்றரைக்குமேல் வெயிலில் யாரும் சிரிக்கமாட்டார்கள். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து தோட்டம் தூரம். லிம் சூ காங் சாலைக்கு 975 பேருந்து வரும், இறங்கியபின் நடை எவ்வளவு என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

விலையைக் கிலோவில் வைக்காமல் பெட்டியில் வையுங்கள். நிறுத்து விற்பதென்றால் தராசு அதிகாரபூர்வமாகச் சரிபார்க்கப்பட்டு முத்திரை ஒட்டியிருக்க வேண்டும், வரிசையும் அங்கேயே தேங்கும். பெட்டிக்கு இத்தனை வெள்ளி, நிரம்பினால் மூடி மூட வேண்டும், அவ்வளவுதான். கட்டணத்தை முன்பதிவிலேயே பேநவ் (கைப்பேசிவழிப் பணமாற்றம்) வழியாக வாங்கிவிட்டால் வாசலில் காசுப் பேச்சே வராது. குடும்பத்துக்கு ஒரு பெட்டி கட்டணத்தில் சேர்ந்தது என்று வைப்பது எனக்குப் பிடித்த முறை. வெறும் நுழைவுக் கட்டணம் என்றால் நம் மக்களுக்கு முகம் சுளிக்கும், கையில் பெட்டி இருந்தால் சுளிக்காது.

வந்தவர்களை ஒரு செடிமுன் நிறுத்தி இரண்டு நிமிடம் பாடம் எடுங்கள். சிவந்த பழம் புளிக்கும். கறுத்துப் பளபளப்பது பாதி வழி. கறுப்பு மங்கி, தொட்டதும் இழுக்காமலே கையில் விழுவதுதான் பழம். பழத்தைப் பிடித்து இழுத்தால் நசுங்கும், காம்பை நகத்தால் கிள்ள வேண்டும். சாறு சட்டையில் பட்டால் போகாது என்பதை முன்பதிவுக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள், வெள்ளைப் பள்ளிச்சட்டையோடு யாராவது வருவார்கள். கை கழுவக் குழாயும் சவர்க்காரமும் வரிசையின் இரு முனையிலும் வேண்டும். பறித்த பழம் குளிர்ப்பெட்டியில் ஓரிரு நாள்தான் தாங்கும், அதையும் சொல்லுங்கள், அன்றிரவே சாப்பிடுவார்கள்.

மழை பிரச்சினையில்லை, மின்னல்தான் பிரச்சினை. உலகில் இடி மின்னல் மிகுந்த இடங்களில் நம் ஊரும் ஒன்று. ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை விடிகாலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயல்காற்றும் வரும். இடிச்சத்தம் கேட்டால் வரிசையைக் காலி செய்து எல்லோரையும் கட்டடத்துக்குள் கொண்டுபோங்கள், கடைசி இடி ஓய்ந்து 30 நிமிடம் ஆகும்வரை வெளியே விடாதீர்கள். தார்ப்பாய்க் கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பல்ல. பண்ணையில் கட்டடமே இல்லையென்றால் இந்தத் தொழிலே அங்கே வேண்டாம். மின்னலால் நின்றுபோனால் வேறொரு நாளுக்கு மாற்றித் தருவோம் என்ற விதியை முதலிலேயே எழுதி வையுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், இருபது குடும்பத்தில் இரண்டு கேட்கும், அவ்வளவுதான். புகைமூட்டம் வந்தாலும் இதே விதி.

பணம்

20 குடும்பம், தலா 25 வெள்ளி என்றால் ஒரு சனிக்கிழமைக்கு 500 வெள்ளி. ஆண்டுக்கு மழை, மின்னல், ஓய்வு எல்லாம் கழித்து 35 சனிக்கிழமைகள் கிடைத்தால் 17,500 வெள்ளி. பண்ணைக்காரருக்குப் போகும் பங்கு, காப்புறுதி, ஆள் கூலி, வலை, உரம் எல்லாம் இதிலிருந்துதான். இதில் ஒரு குடும்பம் வாழ முடியாது, வேலையை விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

கணக்கை நிமிர்த்துவது வார நாட்கள். பாலர் பள்ளிகளும் தொடக்கப் பள்ளிகளும் கற்றல் பயணத்துக்கு இடம் தேடிக்கொண்டே இருக்கின்றன, முதியோர் பராமரிப்பு நிலையங்களும்தான். செவ்வாய்க்கிழமைக் காலை ஒரு பேருந்து வந்தால் ஒரு சனிக்கிழமைக்குச் சமம். அவர்களுக்குப் பழம் குறைவாகவே வேண்டும், பட்டுப்புழு, மொட்டையடித்த செடி, துளிர்த்த செடி, பழுத்த செடி என்று நான்கு பாத்தியை வரிசையாகக் காட்டினால் போதும். ஆசிரியர்கள் முன்கூட்டியே வந்து பார்ப்பார்கள். கழிப்பறை எத்தனை, பேருந்து எங்கே திரும்பும், நிழல் எங்கே என்ற மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் மல்பெரியைப் பார்ப்பார்கள். அடுத்த வருமானம் கன்று. பறித்துப் பழகியவர் கையில் தொட்டியோடு ஒரு மல்பெரிக் கன்று பத்து வெள்ளிக்குச் சுலபமாகப் போகும், உங்களுக்கு அது வெட்டியெறிந்த குச்சி. வாங்கிப் போகிறவரிடம் ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: வீவக தாழ்வாரத்தில் வைத்தால் நடைபாதையை மறிக்கக்கூடாது, வெயில் நாலு மணி நேரமாவது விழவேண்டும், தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம்.